உலை ஒன்று, தட்டு எட்டு

எட்டுப் பேர் கூடி வாழும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்குச் சுகர். பாட்டிக்கு பி.பி.; அவர் கவுச்சியும் தொடமாட்டார். மகன் கட்டட வேலைக்குப் போகிறவர். அவருக்கு வயிறு நிறைய வேண்டும். மருமகளுக்கு ரத்தசோகை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, முட்டை இல்லாமல் சாப்பிட உட்காராத பேரன், சோறு தின்னப் பழகும் பத்து மாதக் குழந்தை. வருமானம் ஒருவருடையது, மிஞ்சினால் ஒன்றரை ஆளுடையது. கற்பனைக் குடும்பம்தான் என்றாலும், தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இதன் சாயலில் ஒரு வீடு கிடைக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: தாத்தாவுக்கு ஓட்ஸும் சுகர்ஃப்ரீ பிஸ்கட்டும், மகளுக்கு ஒரு டப்பா பவுடர், பேரனுக்கு இன்னொரு டப்பா, குழந்தைக்குக் கடையில் விற்கும் பாக்கெட் உணவு. இந்தத் தனிப் பட்டியல் நீள நீள, எல்லோரும் சாப்பிடும் குழம்பில் பருப்பு கரைந்துகொண்டே போகிறது. மாதக் கடைசியில் கை கடிக்கும்போது, ‘இத்தனை பேருக்கு இத்தனை விதமாக எப்படிச் சமாளிப்பது?’ என்ற கேள்வி வருகிறது. தேவைகள் பலவாக இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் தனி உலை, தனிப் பொருள் வேண்டும் என்ற எண்ணம்தான் செலவை ஏற்றுகிறது. ஒரே உலையில் சமைத்து, தட்டில் மட்டும் வேறுபடுத்தினால், அதே பணத்தில் எட்டுப் பேருக்கும் இன்னும் நல்ல சாப்பாடு போட முடியும்.

இதைச் சொல்லக் காரணம், இந்த எட்டுத் தேவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவை முரண்படுவதைவிட ஒத்துப்போவதே அதிகம் என்பதுதான். சுகர் உள்ளவருக்குச் சோறு குறைய வேண்டும். பருப்பும் காயும் கூட வேண்டும். பி.பி. உள்ளவருக்கு உப்பு குறைய வேண்டும். காயும் கீரையும் கூட வேண்டும். ரத்தசோகைக்குக் கீரை, பயறு, முட்டை, மீன். கர்ப்பிணிக்குப் புரதம், இரும்பு, கால்சியம். வளரும் பிள்ளைகளுக்கும் இவையேதான். உழைப்பவருக்குக் கூடுதலாகச் சோறு வேண்டும் என்றாலும், பருப்பும் காயும் அவருக்கு வேண்டாதவை அல்ல. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான அளவைச் சொல்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கடலை போன்ற கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இது நோயாளிக்கான பத்தியம் இல்லை. சாதாரண ஆளுக்கான தட்டு. நம் வீட்டுத் தட்டை இதோடு ஒப்பிட்டால் சோறு மேடாகவும் மற்றதெல்லாம் பள்ளமாகவும் இருப்பது தெரியும். ஆக, பொதுச் சமையலை இந்தத் திசையில் கொஞ்சம் நகர்த்தினாலே தாத்தாவின் பத்தியத்தில் பாதியும் பேத்தியின் ஊட்டத்தில் பாதியும் ஒரே நேரத்தில் நிறைவேறிவிடுகின்றன.

உண்மையாகவே எதிரெதிர்த் திசையில் இழுப்பவை மூன்றுதான்: சோற்றின் அளவு, உப்பு, கவுச்சி. இவற்றில் முதலாவதைத் தீர்க்கக் கரண்டியே போதும். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. இவ்வளவு பரவிய நோய்க்கு வீட்டுக்கு வீடு தனிச் சமையல் என்பது நடக்கிற காரியம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்து, ஏறக்குறைய ஒரு கப் சோற்றில் உள்ளதுதான். கோதுமையில் நார் கொஞ்சம் கூடுதல் என்பது சரி. ஆனால் நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் அந்த லாபம் போய்விடும். சிறுதானியத்துக்கும் இதே கணக்குதான். தாத்தாவின் தட்டில் ஒரு கப் சோறு, இரண்டு கரண்டி கூட்டு, ஒரு கரண்டி சுண்டல். மகனின் தட்டில் மூன்று கப் சோறு, அதே கூட்டு, அதே சுண்டல். உலை ஒன்றுதான். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த வரிசை மாற்றத்துக்குக் காசும் செலவில்லை. சுகர்ஃப்ரீ பிஸ்கட்டிலோ சர்க்கரை இல்லை என்றாலும் மைதாவும் கொழுப்பும் இருக்கின்றன. மைதாவும் உடலில் சர்க்கரையாகத்தான் மாறுகிறது.

உப்பும் காரமும் சமையலின் வரிசையால் தீர்கின்றன. வீட்டில் யாருக்குக் கட்டுப்பாடு மிக அதிகமோ அவருக்கு ஏற்ப அடிப்படையைச் செய்துவிட்டு, மற்றவர்களுக்கு வேண்டியதைப் பின்னால் சேர்க்க வேண்டும். போட்ட உப்பை யாராலும் எடுக்க முடியாது. போடாத உப்பை எப்போது வேண்டுமானாலும் போடலாம். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறு, பருப்பு, கேரட் அல்லது பூசணி மூன்றையும் ஒரே நெருப்பில் வேகவைக்கலாம். உப்பும் மிளகாயும் சேரும் முன்பே குழந்தையின் பங்கை எடுத்து, ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ விட்டு மசித்துவிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது; ஆகவே இது சிக்கனம் மட்டுமில்லை, சரியான முறையும்கூட. அடுத்து அரை உப்புப் போட்டுப் பாட்டியின் பங்கு. பிறகு மிச்சத்துக்கு உப்பும் காரமும். பாக்கெட் உணவு வாங்கும் காசு மிச்சம். தனித்தனியாக அடுப்பு பற்றவைக்கும் நேரமும் மிச்சம். சமைப்பவரின் நேரத்தை யாரும் மளிகைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் ரத்தசோகையோடு ஒரு பெண் மூன்று விதச் சமையல் செய்து களைத்துப்போய், ராத்திரிக்குக் கடையில் பரோட்டா வாங்கிவரச் சொல்லும்போது, அந்த நேரத்துக்கும் விலை உண்டு என்பது தெரிந்துவிடும்.

கவுச்சி விஷயம் கொஞ்சம் நுட்பமானது. இதில் நம்பிக்கையும் மனமும் சேர்ந்திருக்கின்றன. பொதுக் குழம்பையும் கூட்டையும் சைவமாகவே வைத்துக்கொண்டு, முட்டையையோ கருவாட்டையோ தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு, கடைசியில் செய்வது பல வீடுகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். இந்த ஏற்பாடு பெரிய அளவில் நடப்பதைப் பார்க்க விரும்பினால் அரசுப் பள்ளிச் சத்துணவைப் பார்க்கலாம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் விரிவாக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் இன்று சோறும் குழம்பும் பொது. பள்ளி நாளுக்கு ஒன்றாக வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் முட்டை நிறுத்தப்படுவதில்லை, யாரும் கட்டாயப்படுத்தப்படுவதுமில்லை. இதே ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம் அளவுதான். பொருளுக்குப் பொருள் ஈடு கொடுக்கப்பட்டிருக்கிறது. சத்துக்குச் சத்து ஈடாகவில்லை. 30 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் ஏறக்குறைய ஒரு முட்டையின் புரதம் கிடைத்துவிடும். வீட்டில் மாற்றுப் பொருள் தேடும்போது இதை மறக்கக் கூடாது. பேரனுக்கு முட்டை வைத்தால் பாட்டிக்கு அப்பளம் வைப்பது மாற்று ஆகாது. அவருக்குச் சுண்டலோ தயிரோ ஒரு பிடி வேர்க்கடலையோ வைப்பதுதான் மாற்று.

இனி பணத்துக்கு வருவோம். பருப்பு, பயறு, முட்டையைக் கூட்டு என்று சொல்வது எளிது. காசு எங்கிருந்து வரும்? மத்திய அரசின் 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இதற்கு விடை வைத்திருக்கிறது. இந்தியக் கிராமப்புறக் குடும்பங்கள் தங்கள் மொத்தச் செலவில் தானியத்துக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே செலவிடுகின்றன. பானங்கள், நொறுக்குத் தீனி, கடையில் வாங்கும் சமைத்த உணவு ஆகியவை சேர்ந்த வகைக்கு 9.6 விழுக்காடு போகிறது. நகரத்தில் இந்த வகை 10.6 விழுக்காடு. கிராமத்தில் முட்டை, மீன், இறைச்சி மூன்றுக்கும் சேர்த்துக்கூட இந்த வகைக்குப் போவதில் ஏறக்குறைய பாதிதான்; நகரத்தில் பாதிகூட இல்லை. பருப்புக்கு அதைவிடவும் மிகக் குறைவு. ஏழைகள் அரிசிக்கே எல்லாப் பணத்தையும் கொடுக்கிறார்கள் என்ற பழைய சித்திரம் மாறிவிட்டது. பணம் கசியும் இடம் பிஸ்கட், மிக்சர், பாட்டில் பானம், டப்பா பவுடர். வேலைக்குப் போகிறவர் வெளியில் குடிக்கும் டீயும் சாப்பிடும் பொட்டலமும் இதே வகையில்தான் சேர்கின்றன. அவற்றை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சத்து என்ற பெயரில் வாங்கும் பொருள்களைக் கேள்வி கேட்கலாம். பிள்ளைகளுக்கான பல பவுடர்களில் முன்னால் நிற்பவை மாவும் சர்க்கரையும்தான். உடம்பை ஏற்றுவதற்கான புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்கிறது. ஒரு டப்பாவின் விலையில் எத்தனை முட்டை, எத்தனை கிலோ பச்சைப்பயறு வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், அடுத்த முறை கை தானாகத் தயங்கும்.

விலையும் சத்தும் சேர்ந்து பார்த்தால் நம் ஊர்ச் சந்தையிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. துவரம்பருப்பு விலை ஏறும்போது அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, பட்டாணி, பச்சைப்பயறு எல்லாம் ஏறக்குறைய அதே அளவு புரதம் உள்ளவை. வேர்க்கடலையில் புரதம் இன்னும் கூடுதல். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. பால் வாங்கக் கட்டுப்படியாகாத நாளில் கர்ப்பிணிக்கும் பேத்திக்கும் கேழ்வரகுக் கூழோ அடையோ கைகொடுக்கும். கடற்கரை மாவட்டங்களில் மத்தியும் நெத்திலியும் மலிவாக வரும் காலத்தில் வஞ்சிரத்தின் பக்கம் போகத் தேவையில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்கிறது. முருங்கைக்கீரைக்குப் பல வீடுகளில் காசே இல்லை. கீரையில் உள்ள இரும்பு உடலில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது, மருமகளுக்குச் செலவில்லாத வைத்தியம்.

கையில் வரும் உரிமைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு இலவசம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. ரேஷன் அரிசியில் நூறு மணிக்கு ஒரு மணி வீதம், இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி கலக்கப்படுகிறது. அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள்; சத்துக்காகச் சேர்த்ததைத்தான் அவர்கள் எறிகிறார்கள்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் மிக வலுவானது மருத்துவரீதியானது. எல்லா நோய்க்கும் ஒரே உலை ஒத்துவருமா? வராது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்தக் கட்டுரை புகழும் பருப்பும் கீரையுமே அளவு மீறினால் ஆபத்து; அவருக்கு மருத்துவரும் உணவியல் நிபுணரும் எழுதித் தரும் அளவுதான் சட்டம். உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் உப்பை அப்படிப்பட்டவர் கேட்காமல் தொடக் கூடாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அதை வீட்டுச் சமையலிலிருந்தே விலக்குவதுதான் பாதுகாப்பு. கோதுமை சேராத சீலியாக் நோய் உள்ளவருக்குச் சோறும் குழம்பும் இட்லியும் இயல்பாகவே பொருந்தும். ஆனால் கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்கு அளவோடு நேரமும் முக்கியம். ரத்தசோகை முற்றிய பிறகு கீரையை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. இவையெல்லாம் உண்மையான விதிவிலக்குகள். இவற்றுக்குத் தனிச் செலவு செய்துதான் ஆக வேண்டும். அதனால்தான் விதிவிலக்கு தேவைப்படாதவர்களுக்குத் தனிச் செலவு செய்யாமல் இருப்பது முக்கியம்.

இன்னொரு எதிர்ப்பு ருசியைப் பற்றியது: ஒருவருக்காக எல்லோரும் சப்பென்று சாப்பிட வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு. குழந்தையைக் கழித்துவிட்டு ஏழு பேருக்குக் கணக்குப் போட்டால் மாதம் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். அதிலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் வழியாக வரும் உப்பு அடங்கியிருக்க வேண்டும். எண்ணெய்க்கும் இதேபோல் கணக்கிட்டால் மாதம் 6 லிட்டருக்குச் சற்று மேல். இதைவிட வெகுவாகக் கூடுதலாக வாங்கும் வீட்டில் பி.பி. இருப்பது பாட்டிக்கு மட்டும்தான் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மகனுக்கு அது வந்துகொண்டிருக்கிறது. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அதுவரை புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை என்று ருசிக்கு நம்மிடம் வேறு வழிகளும் உண்டு.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, உலை ஒன்றாக இருந்தால் பங்கும் நியாயமாக இருக்குமா என்பது. தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் இது 53 விழுக்காடு. மாதவிடாயும் பிரசவமும் இந்த வித்தியாசத்துக்கு முக்கியமான காரணங்கள். ஆனால் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கமும் சேர்ந்தால், இரும்பு மிக அதிகமாகத் தேவைப்படுகிறவருக்குக் குழம்பின் தெளிவு மட்டுமே கிடைக்கிறது. பணம் குறையும்போது அந்தக் குறை எல்லார் தட்டிலும் சமமாக விழுவதில்லை. சமைத்தவர் தட்டில் விழுகிறது. ஆகவே தட்டில் வேறுபடுத்துவது என்றால், சுகர்காரருக்குச் சோற்றைக் குறைப்பது மட்டுமில்லை. மருமகளுக்கும் மகளுக்கும் பேத்திக்கும் பருப்பின் கெட்டியையும் முட்டையையும் முதலிலேயே எடுத்துவைப்பதும்தான். இந்த ஒன்று நடக்காவிட்டால், மற்ற சிக்கனமெல்லாம் அந்தப் பெண்களின் உடம்பிலிருந்து எடுத்த சேமிப்பாகவே முடியும்.

இவ்வளவையும் குடும்பம் செய்த பிறகும் ஓர் இடத்தில் முட்டுகிறது. அது அரசின் கையில் இருக்கிறது. வழிகாட்டி சொல்லும் தானியம் நம் ஏழு பேருக்கு மாதம் சுமார் 52 கிலோ. முன்னுரிமை அட்டை இருந்தால் ஆளுக்கு 5 கிலோ வீதம் எட்டுப் பேருக்கு 40 கிலோ அரிசி விலையில்லாமல் வருகிறது. தேவையில் முக்கால் பங்கு. அதே வழிகாட்டி சொல்லும் பருப்பு, பயறு, முட்டை, மீன் வகை மாதம் சுமார் 18 கிலோ. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்போ 1 கிலோ. அதுவும் தலைக்கணக்கில் இல்லை. இரண்டு பேர் உள்ள அட்டைக்கும் 1 கிலோ, எட்டுப் பேர் உள்ள அட்டைக்கும் 1 கிலோ. பாமாயிலும் அப்படித்தான். தட்டில் சோறு மேடாக இருப்பதற்கு நம் பழக்கம் மட்டும் காரணமில்லை; மலிவாகக் கையில் வந்து சேர்வது அதுதான். பசியைப் போக்க அரிசியைத் தலைக்கணக்கில் கொடுத்தது அந்தக் காலத்தின் தேவை. சுகரும் ரத்தசோகையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இந்தக் காலத்தில், பருப்பும் பயறும் தலைக்கணக்குக்கு மாற வேண்டும். வீட்டில் கரண்டியைச் சரியாகப் பிடிப்பது நம் பொறுப்பு. அதில் அள்ளுவதற்குப் பருப்பு இருக்கும்படி செய்வது ரேஷன் கடையை நடத்துகிறவர்களின் பொறுப்பு.